போன்கடை அக்காவும் மீன்பெட்டி விமானமும்

தும்மல் வந்தால்கூட அவர் சொல்லிவிட்டுத்தான் தும்முவார். "தும்மப்போறன்" என்று ஒரு கையைத் தூக்குவார். கடையில் நிற்கிற நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். சிலவேளை தும்மல் வராது. "வரேல்லை. நீங்கள் கதையுங்கோ" என்று அதையும் சொல்லிவிடுவார்.

கண்டாவளைப் பக்கம் எங்கள் சந்தியில் கைபேசியும் ரேடியோவும் திருத்துகிற ஒரு தகரக் கடை அவருடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கவேண்டும். ஊரில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் போன்கடை அக்காதான். முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் செய்கிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கடலை விட்டுவிட்டு எங்களுடைய வயல்களுக்கு நடுவில் வந்து ஏன் இருந்தார் என்று நான் கேட்டதில்லை. நான் ஆட்களிடம் கேள்வி கேட்கிறவன் இல்லை. என்னிடம் யாராவது கேட்டாலே பதில் சொல்ல எனக்கு நேரம் எடுக்கும்.

திருத்தக் கொண்டுபோன போனை அவர் உடனே கழற்றமாட்டார். சொந்தக்காரரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இப்ப திறக்கப்போறன். திறந்தால் உயிர் வரவும் கூடும், ஒரேயடியாப் போகவும் கூடும். சம்மதமோ?" என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். சில பெண்கள் பயந்து போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் சைவக்காரர். அதனால் மீன் பொரிப்பதென்றாலும் முதல்நாளே வேலிக்கு மேலால் அறிவித்துவிடுவார். "நாளைக்குத் திருக்கை பொரிக்கப்போறன். ஆருக்கும் விரதமெண்டால் இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ." ஒருமுறை அடுத்த வீட்டு ஐயா, "விரதம்தான். ஆனால் நீ பொரி. மணம் விரதத்தில சேராது" என்று சொன்னார். அந்த ஐயா எங்களுக்கும் அயல். இந்தக் கதையில் பிறகும் வருவார்.

ஊரை விட்டுப் போனபோதும் அப்படித்தான். நெளுக்குளத்தில் இருக்கிற தமக்கையோடு போய் இருக்கப்போகிறேன் என்று அறுவடைக்கு முன்னமே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெண்கள் அப்போதே அழுது முடித்துவிட்டார்கள். உண்மையாகப் போகிற நாளில் அழுவதற்கு யாரிடமும் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றபோது எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். "பாத்தியளே, இதுக்குத்தான் முன்னுக்குச் சொல்லுறது" என்றார் அக்கா.

இப்போது எங்கள் வீட்டு முற்றத்துக்கு மேலால் ஏதாவது பறந்தால் எனக்கு அவருடைய ஞாபகம்தான் வரும். அதற்குக் காரணம் ஒரு மீன்பெட்டி விமானம்.

*

மாரிமழையோடு காலபோக நெல் விதைத்தபிறகு எங்கள் பக்கத்தில் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. வயலில் இறங்கிவிடும். உப்புநீர்க் களப்பை ஒட்டிய வெட்டைவெளிக்கு ஓட்டிச் சாய்த்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, அறுவடை முடியத்தான் திருப்பிக்கொண்டு வருவோம். அந்த வருடம் மாரி கடுமை. அறுவடை முடிந்து நான் போய்ப் பார்த்தபோது என் மாடுகளில் பாதிக்கு மேல் காணவில்லை. போன பக்கமெல்லாம் தண்ணீர் குறுக்கே கிடந்தது. மோட்டார்சைக்கிளாலும் போக இயலவில்லை, நடந்தும் போக இயலவில்லை.

போனுக்கு மின்னேற்றுகிற வயர் வாங்கப் போன இடத்தில் இதைப் பற்றி அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த சின்னத் திருகாணியைக் கீழே வைத்தார்.

"மேலயிருந்து பாத்தால் தெரியும் தம்பி."

"மேலயிருந்து ஆரக்கா பாக்கிறது?"

"நான் பாப்பன். இப்ப இல்லை. பாக்கமுன்னம் சொல்லுவன்."

அவர் சும்மா சொல்லவில்லை. கடையின் பின்பக்கம் ஒரு விமானம் செய்துகொண்டிருந்தார். மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளைக் கரையிலிருந்து எடுத்துவந்து, சூடான கம்பியால் அறுத்து, செட்டை இரண்டும் வால் ஒன்றும் செய்திருந்தார். மூக்கில் ஒரு சின்னக் கமரா. எவ்வளவு கழுவியும் அந்த விமானத்தில் மீன் மணம் போகவில்லை. கடைக்குப் பின்னால் திரிகிற பூனை வந்து செட்டையை நக்கும். "இதை விட்டால் பருந்துதான் முதல் கொத்தும்" என்று அக்காவே சிரிப்பார்.

கடைகளில் விற்கிற விளையாட்டு விமானங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போகும். களப்புவரை போய்வருவதற்கு அது காணாது. அதற்கென்று தனி ரேடியோப் பெட்டி ஒன்றை எடுப்பித்திருந்தார். அதை எனக்கு விளங்கப்படுத்திய விதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இந்தப் பெட்டி கத்தும், விமானத்துக்குள்ள இருக்கிற காது கேக்கும். அவ்வளவுதான் தம்பி. ஆனால் அன்ரனாவைப் பூட்டாமல் இதுக்குக் கரண்ட் குடுக்கப்படாது. வாயைக் கட்டிப்போட்டுக் கத்தச் சொன்ன மாதிரி. உள்ளுக்கே கத்திக் கருகிப்போயிடும்."

"கேக்காத தூரத்துக்குப் போயிட்டால்?"

நான் அபூர்வமாகக் கேட்கிற கேள்விகளில் அது ஒன்று. அக்காவின் முகம் மலர்ந்துபோனது. அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர்போலக் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார்.

"அதுதான் முழு வேலையும். விடமுன்னமே அதுக்குச் சொல்லி வைக்கவேணும். என்ரை சத்தம் கேக்காட்டி நீ இப்பிடிச் செய் எண்டு. தூரத்தில படம் முதல் போகும். பிறகு என்ரை கை போகும். ரெண்டும் போனபிறகு முன்னுக்குச் சொல்லிவைச்சது மட்டும்தான் மிச்சம்."

விமானம் விடுவதற்கு அனுமதி எடுக்கவேண்டும். அதற்கு விண்ணப்பித்து, திரும்பத் திரும்ப அலைந்து, கடிதம் கைக்கு வந்தபிறகுதான் மோட்டாரைப் பூட்டினார். பிறகு பொலிசுக்குப் போய்ச் சொன்னார். கிராம அலுவலர் விதானையாருக்குச் சொன்னார். வீதியோரத்து இராணுவ முகாமுக்கும் போய்ச் சொன்னார். அங்கே காவலுக்கு நின்ற சிங்களப் பெடியன் விமானத்தை மணந்து பார்த்துவிட்டு, "மாளு?" என்று கேட்டானாம். மீன் என்று அர்த்தம். "ஓம், பறக்கிற மீன்" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தார்.

பறக்கவிடுவதற்கு அவர் தெரிந்தெடுத்த இடம் என்னுடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயல். அறுவடை முடிந்து அடித்தாள் ஒட்டுத்தான் நின்றது. அங்கிருந்து களப்புவரை பெரிய மரம் ஒன்றும் குறுக்கே இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் நான் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லவேண்டிய காரணம் ஒன்று இருந்தது. அது என்னுடைய மனைவி.

*

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், மேலே நின்று சுற்றிப் படமெடுக்கிற ஆளில்லாத விமானத்தை நாங்கள் வண்டு என்று சொல்வோம். வண்டு வந்து சுற்றினால் கொஞ்சநேரத்தில் ஷெல் வரும். புகையைக் கண்டால் அந்த இடத்தைக் குறிக்கும் என்று ஆட்கள் கதைத்தார்கள். அது உண்மையோ பொய்யோ எங்களுக்குத் தெரியாது. ஆனால் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அரிசி அரைவேக்காட்டில் நிற்கும். பிள்ளைகள் அதைத்தான் தின்னும்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து, வீடு கட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, எத்தனையோ நடந்துவிட்டது. என் மனைவி சந்தைக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள், எல்லோரோடும் சிரித்துக் கதைப்பாள். ஆனால் வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவாள். யாரோ பெரியவர்கள் ஹெலிகொப்டரில் வந்தாலும் அப்படித்தான். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரிச் சாம்பலை வழித்து, காய்ந்த விறகு எடுத்து, திரும்ப மூட்டுவாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் தூரம் பார்க்கிற நாள் வந்தது. பறக்கவிடுவதற்கு முன்னர் நிலத்தில் வைத்தே அதைப் பார்க்கவேண்டுமாம். ரேடியோப் பெட்டியின் பலத்தை நன்றாகக் குறைத்துவைத்துக்கொண்டு அக்கா வேலியடியில் நின்றார். விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நான் களப்புப் பக்கமாக நடக்கவேண்டும். மெல்லிய சத்தம் இவ்வளவு தூரத்துக்குக் கேட்டால், முழுச் சத்தம் எவ்வளவோ தூரம் கேட்கும் என்பது கணக்கு. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்திருந்தோம்.

"வால் ஆடுதே தம்பி?"

"ஆடுது அக்கா."

"இன்னும் போங்கோ. இப்ப?"

"ஆடுது."

ஒட்டுக்குள்ளால் நடந்து நடந்து, திரும்பிப் பார்த்தபோது அக்கா ஒரு புள்ளியாகத் தெரிந்தார். முகம் தெரியவில்லை. முகம் தெரியாத தூரத்துக்கு வந்ததும் எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. மீன் மணக்கிற அந்த விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் அரைவேக்காட்டுச் சோற்றைப் பற்றியும் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவ்வளவு பேச்சு நான் ஒரே மூச்சில் பேசியதே இல்லை.

போனில் கொஞ்சநேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"அக்கா?"

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். திரும்பி வாங்கோ. வால் ஆடுதோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ."

*

அடுத்த நாள் பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நான் பக்கத்தில் நின்றால் போதும் என்றார். ஒவ்வொரு முற்றத்திலும் அதே அறிவிப்பு. "நாளைக்குக் காலமை இந்தப் பக்கத்தால ஒரு சத்தம் வரும். அது என்ரை சத்தம். பயப்பிடாதேங்கோ." எப்படிப்பட்ட சத்தம் என்று ஒரு பெண் கேட்டாள். அக்கா இரண்டு கன்னத்தையும் ஊதி, உதட்டை இறுக்கி, "ங்ஙீ..." என்று வாயாலேயே போட்டுக் காட்டினார். வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் போட்டுக் காட்டினார். கடைசி வீட்டுக்குப் போகும்போது தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த வீட்டு ஐயா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி விசாரணை நடத்தினார்.

"உது குண்டு போடுமே?"

"இல்லை ஐயா."

"படம் எடுக்குமே?"

"எடுக்கும். மாட்டைப் படம் எடுக்கும்."

"மாட்டைப் படம் எடுத்து ஆருக்கு அனுப்பப்போறாய்?"

"இந்தத் தம்பிக்குத்தான்."

ஐயா என்னைப் பார்த்தார். "உவன் தன்ரை கலியாணப் படத்திலயே குனிஞ்சுகொண்டு நிக்கிறவன். உவனுக்குப் படமே?"

கடைசியாக எங்கள் வீடு. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற வீடுகளில் சொன்னதைவிட மெதுவாகச் சொன்னார். சத்தத்தையும் போட்டுக் காட்டினார். என் மனைவி மரியாதைக்குச் சிரித்தாள். "ஓம் அக்கா, பரவாயில்லை. நீங்கள் விடுங்கோ" என்றாள். ஆனால் அவளுடைய கண் குசினிப் பக்கம் போய்வந்ததை நான் கண்டேன்.

காலையில் விமானம் நன்றாகத்தான் எழும்பியது. நான் கையால் எறிந்துவிட, வயலுக்கு மேலால் ஏறிப்போய் ஒரு வட்டம் போட்டது. அக்கா "இப்ப திருப்பப்போறன்", "இப்ப ஏத்தப்போறன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். கொஞ்சத் தூரம் போனதும், "தம்பி, இப்ப நான் ரேடியோப் பெட்டியை நிப்பாட்டப்போறன். சொல்லிவைச்சதைச் செய்யுதோ எண்டு பாப்பம்" என்று நிறுத்திவிட்டார்.

செய்தது. சொல்லிவைத்தபடியே செய்தது. தலையைத் திருப்பி நேராக எங்களிடம் வந்தது. வந்து, எங்களுக்கு மேலே உயரத்தில் நின்று சுற்றத் தொடங்கியது.

"பாத்தியளே! பாத்தியளே! வந்திட்டுது!" அக்கா சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இன்னொன்று. ஒரே உயரம், ஒரே சத்தம்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். குசினிக்கு மேலால் அதுவரை நீலமாக எழும்பிக்கொண்டிருந்த புகை, ஒருமுறை வெள்ளையாகக் குப்பென்று வந்து, இல்லாமல் போனது. அடுத்த வீட்டில் ஐயாவின் சாய்மனைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதற்கடுத்த வீட்டு முற்றத்திலும் யாரும் இல்லை. முதல்நாள் விழுந்து விழுந்து சிரித்த ஆட்கள்தான். எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள்.

அக்காவும் அதைப் பார்த்தார். கைதட்டல் நின்றது. ரேடியோப் பெட்டியைப் போட்டு விமானத்தை அவசரமாக இறக்கினார். இறக்கப்போகிறேன் என்று அந்தமுறை சொல்லவில்லை. விமானம் வரம்பில் இடித்து ஒரு செட்டை முறிந்தது. அதைத் திரும்பியும் பார்க்காமல் எங்கள் குசினிக்கு நடந்தார்.

என் மனைவி நனைந்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். முகட்டுவரை சாம்பல் மணம்.

"எனக்குத் தெரியும் அக்கா, அது உங்கட எண்டு," என்றாள். "கைதான் கேக்கேல்லை."

அக்கா அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பிறகு என்னையோ அவளையோ பார்க்காமல், சாம்பலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கட வீட்டில தம்பி ஒருத்தன் சொல்லாமல் போனவன், பிள்ளை. அண்டைக்கு அவனுக்கெண்டு அம்மா சோறு போட்டு மூடி வைச்சவா."

அதற்குமேல் அதைப் பற்றி அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. என் மனைவி அவருடைய முழங்காலில் கையை வைத்தாள். கொஞ்சநேரம் கழித்து அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடையில் போனைக் கையில் எடுத்துக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். அதுக்கு என்ன சொல்லி வைக்கிறதெண்டு நானே யோசிச்சு நானே சொல்லிவைச்சன். இந்த வீட்டுக்கு மேலால வாற சாமானுக்கு நீதான் சொல்லவேணும். என்ரை சத்தம் அதுக்குக் கேக்காட்டி, அது என்ன செய்யவேணும்?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மேலே பறக்கிறது என்ன செய்யவேண்டும் என்று கீழே இருக்கிறவளிடம் யார் கேட்பது? அவள் சாம்பலைத் தடியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சுத்தக்கூடாது," என்றாள்.

"சரி. சுத்தாது. வேற?"

"சத்தம் இருந்தால் இருக்கட்டும். சத்தம் இல்லாமல் வந்தால்தான் இன்னும் பயம். வாறதெண்டால் நேர வரட்டும். வந்து இறங்கட்டும். எங்க வந்து இருக்கப்போகுது எண்டு மட்டும் எனக்கு முதலே தெரியவேணும்."

"அந்த இடத்தையும் நீயே காட்டு."

*

முறிந்த செட்டையை ஒட்டுவது சுருக்காக முடிந்தது. சுற்றாமல் நேரே வந்து இறங்குகிற மாதிரிச் சொல்லிவைப்பதற்குத்தான் நாள் எடுத்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் இருந்து அதோடு மல்லுக்கட்டினார். போன் திருத்த வந்த ஆட்களுக்கு, "ரெண்டு கிழமைக்குக் கடை இல்லை. மூண்டாகவும் கூடும். சொல்லிப்போட்டன்" என்று யன்னலால் பதில் வந்தது.

விமானத்தைத் திரும்ப விடுகிற அன்று காலையில் என் மனைவி தன்னுடைய பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, தடியில் கட்டி, வயலின் நடுவில் கொண்டுபோய் நட்டாள். அதற்குப் பக்கத்தில் விமானத்தை அவளே வைத்தாள்.

"உடன எடுக்கப்படாது பிள்ளை," என்றார் அக்கா. "வானத்தில நிக்கிற சற்றலைட்டுகளைப் பாத்து, தான் எங்க இருக்கிறன் எண்டு அது பிடிக்கவேணும். வீடு எதெண்டு தெரியமுன்னம் விட்டால் எங்க திரும்பி வாறது?"

மூன்று பேரும் அதைச் சுற்றிக் குந்திக்கொண்டு காத்திருந்தோம். சின்னப் பச்சை வெளிச்சம் ஒன்று மின்னி மின்னிக் கடைசியில் நின்று எரிந்தது. என் மனைவி எழும்பிச் சேலையைத் தட்டினாள். கொஞ்சம் போய், திரும்பி நின்று, பழக்கமில்லாத மாதிரி உரத்த குரலில், "நான் உலை வைக்கப்போறன்" என்று சொன்னாள்.

"சரி பிள்ளை," என்றார் அக்கா, அது என்ன பெரிய செய்தி என்று கேட்காமல்.

நான் எறிந்தேன். விமானம் ஏறியது. இந்தமுறை எங்கும் சுற்றாமல் நேரே களப்பை நோக்கிப் போனது. கொஞ்சநேரத்தில் கண்ணுக்கு மறைந்து, பிறகு காதுக்கும் மறைந்தது. வேலிக்கட்டையில் தண்ணீர்க் குழாயைக் கட்டி, அதன் நுனியில் அன்ரனாவைப் பூட்டியிருந்தோம். அதன் கீழே சாக்கில் இருந்துகொண்டு அக்காவின் சின்னத் திரையைப் பார்த்தோம். ஒட்டு வயல்கள் போயின. வாய்க்கால் போனது. பற்றைகள் போயின. பிறகு தண்ணீர், வெயிலில் தகரம் மாதிரி. தண்ணீருக்கு நடுவில் ஒரு மேட்டுத்திட்டி. அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியே நின்றது.

"அக்கா, அது என்ரை எருது."

"எப்பிடித் தெரியும்?"

"அது ஆரோடயும் சேராது."

"வளத்தவரைப் போல," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாங்கள் அவ்வளவு நாளும் தேடியது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். தண்ணீர் வற்றி வருகிற பாதையையும் திரையிலேயே கண்டோம். இரண்டு நாளுக்குப் பிறகு அந்தப் பாதையால் போய் எல்லாவற்றையும் சாய்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அதை நினைத்துச் சந்தோசப்பட முடியவில்லை. ஏனென்றால் படம் புள்ளி புள்ளியாக உடைந்து, சாம்பல் நிறமாகி, போய்விட்டது.

"படம் போயிட்டுது," என்றார். "திருப்பிக்கொண்டிருக்கிறன்."

பிறகு ரேடியோப் பெட்டி நீளமாக ஒரு ஓலம் போட்டது.

"கையும் போயிட்டுது."

இந்தமுறை அவர் நிறுத்தவில்லை. அது தானாகப் போனது. அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தும்மலைக்கூட முன்கூட்டிச் சொல்கிறவருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வேலிக்கு அங்கால் இருந்து ஐயாவின் குரல் கேட்டது. "எடி பிள்ளை, உன்ரை வாயோ அது? சத்தம் வருது."

வந்தது. முதலில் நுளம்பு மாதிரி. பிறகு தையல் மெசின் மாதிரி. களப்புப் பக்கமிருந்து நேராக, ஒரே கோட்டில், எங்கள் வீட்டுத் திசைக்கு வந்துகொண்டிருந்தது. குப்பென்று எழும்பப்போகிற அந்த வெள்ளைப் புகைக்காகக் காதைக்கூட அடைத்துக்கொண்டேன், அதற்குச் சத்தம் இல்லை என்று தெரிந்திருந்தும்.

திரையில் புள்ளிகள் மெல்ல ஒன்றுகூடின. வாய்க்கால் தெரிந்தது. ஒட்டு வயல் தெரிந்தது. வயலின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அதற்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தகரக் கூரை. குசினிக்கு மேலால் ஒரு நீலக் கோடு, காற்றுக்குக் கொஞ்சம் வளைந்து, எழும்பிக்கொண்டே இருந்தது.

"தம்பி," என்றார் அக்கா. "புகை."

நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் தெரிந்தது சரிதான். சத்தம் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. புகையும் போய்க்கொண்டிருந்தது. குசினி வாசலில் என் மனைவி ஒரு கையில் அகப்பையோடு நின்று, மற்றக் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வானத்தைப் பார்த்து எத்தனை வருடம்.

விமானம் சுற்றவில்லை. மோட்டார் தணிந்து, தாழ்ந்து வந்து, ஒட்டில் சரசரவென்று இழுபட்டுப்போய், சிவப்புத் துணிக்குக் கொஞ்சம் தள்ளி மூக்கைக் குத்தி நின்றது. ஐயா வேலிக்கு அங்கால் இருந்து கைதட்டினார்.

அக்கா ஒரு கையைத் தூக்கினார். தும்மப்போகிறார் என்று நினைத்து நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"தம்பி, அழப்போறன்," என்றார்.

சொன்னபடி அழுதார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தேன். சொல்லிவிட்டு அழுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"வந்திட்டுதே?" என்று குசினி வாசலிலிருந்து கேட்டாள் என் மனைவி.

"வந்திட்டுது," என்று நான் கத்தினேன். அவ்வளவு உரத்து நான் கத்தியது எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் சோறு வடிக்கப்போறன்."